சார்ஜ் எதுவரை இறங்கலாம்? பாதி, இருபது, பூஜ்யம்: எது எந்தப் பேட்டரிக்கு

பேட்டரி பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கின்றன: எத்தனை சதவீதத்தில் நிறுத்த வேண்டும்? 50-க்குக் கீழே போகவே கூடாது என்பார் ஒருவர். 20 வரை போகலாம் என்பார் இன்னொருவர். மாதம் ஒருமுறை அடிவரை காலி செய்து ஏற்றினால்தான் பேட்டரி உருப்படும் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். மூன்றுமே ஏதோ ஒரு பேட்டரிக்குச் சரியான பேச்சுதான், ஆனால் அந்தப் பேட்டரிதானா உங்களிடம் இருப்பது என்று யாரும் கேட்பதில்லை. 50 என்பது கார், இன்வெர்ட்டரில் போடும் லெட் ஆசிட்டுக்குச் சொன்னது. மாதாந்திரக் காலி நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கம். அந்த வகைப் பேட்டரியை எப்போதும் ஒரே அளவு இறக்கி ஏற்றிக்கொண்டே இருந்தால் அந்த இடத்துக்கு வந்ததும் வோல்டேஜ் சரியும், ஒருமுறை முழுக்க இறக்கினால் பழையபடி ஆகிவிடும். லித்தியத்தில் கவலைப்படும் அளவுக்கு அந்தக் கோளாறு கிடையாது, பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. 20 என்பது லித்தியத்துக்கானது, அதிலும் பாதிதான் சரி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம். கீழ் எல்லை எந்த எண் என்பதற்கு நாம் கொடுக்கும் முக்கியத்துவம் அதிகம். ஒரு பேட்டரி எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைவிட, தனக்கு ஒத்துக்கொள்ளாத நிலையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதுதான் அதன் ஆயுளைப் பெரிதும் தின்கிறது. லெட் ஆசிட்டுக்கு ஒத்துக்கொள்ளாதது அடிப்பக்கம். போன், லேப்டாப் வகை லித்தியத்துக்கு உச்சிப்பக்கம், கூடவே சூடு. ஆகவே எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் எந்தப் பக்கத்தை விட்டு விலகி இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பூஜ்யம் என்பது யார் போட்ட கோடு

திரையில் தெரியும் 0 சதவீதம் தயாரித்தவர் போட்ட கோடு. வேதியியலின் பூஜ்யம் அதற்கும் கீழே எங்கோ இருக்கிறது. 12 வோல்ட் லெட் ஆசிட்டில் லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது 10.5 வோல்ட், அதாவது செல்லுக்கு 1.75, வந்துவிட்டால் காலி என்று கணக்கு. போன், லேப்டாப்பில் இருக்கும் லித்தியம் அயன் செல் முழு சார்ஜில் பொதுவாக 4.2 வோல்ட் காட்டும், கீழே 2.5 முதல் 3 வோல்ட்டுக்குள் எங்காவது நிறுத்துவார்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் இருக்கிறதே, சுருக்கமாக எல்.எஃப்.பி., அதற்கு மேலே 3.65, கீழே 2.5.

இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் உண்டு. 2010 இறுதியில் வந்த செவ்ரோலே வோல்ட் காரில் இருந்தது 16 கிலோவாட் அவர் பேட்டரி. ஓட்டுபவருக்குக் கிடைத்தது சுமார் 10 மட்டுமே, மீதியை மேலும் கீழும் தொடவே விடவில்லை. டொயோட்டா ப்ரியஸ் தன் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியை ஏறக்குறைய 40-க்கும் 80-க்கும் நடுவிலேயே வைத்து ஓட்டும். இதன் உச்சம் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி. 1990-இல் ஏவியபோது வைத்த நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகளை 2009-இல்தான் மாற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் நிழலுக்குள் போய் வெளியே வருவதால் நாளுக்கு ஏறக்குறைய 15 தடவை இறங்கி ஏறும், 19 வருடத்தில் லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கை. தாங்கியதற்குப் பெரிய காரணம் ஒவ்வொரு தடவையும் மிகக் கொஞ்சமாகத்தான் இறக்கினார்கள் என்பது. விண்கலம் அனுப்பித்தான் பேட்டரி மாற்ற முடியும் என்றால் நானும் அப்படித்தான் செய்வேன். உங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு அது அவசியமா என்பதுதான் கேள்வி.

இதில் கவனிக்க வேண்டியது, போன், கார், லேப்டாப் போன்றவற்றில் யாரோ ஏற்கெனவே உங்களுக்காக ஓர் ஓரத்தை ஒதுக்கிவிட்டார்கள். இன்வெர்ட்டரில் தனியாக வாங்கிப் பூட்டிய லெட் ஆசிட்டில், படகில், சோலார் பேனலோடு கோத்த பேட்டரியில் அந்தக் கோட்டைப் போடுபவர் நீங்கள்தான். கீழ் எல்லை எண் உண்மையிலேயே முக்கியமாவது அங்கேதான்.

லெட் ஆசிட்: பாதியா, எண்பதா, அடிவரையா

டிஸ்சார்ஜ் ஆகும்போது இரண்டு தகடுகளிலும் லெட் சல்ஃபேட் படிகிறது, ஆசிட் நீர்த்துப் போகிறது. இது கோளாறே இல்லை, பேட்டரி வேலை செய்வதே அப்படித்தான். புதிதாகப் படிந்த சல்ஃபேட் நுண்ணிய படிகமாக இருக்கும், உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்து திரும்பிவிடும். நாள்கணக்கில் அப்படியே விட்டால் படிகங்கள் பெரிதாகிக் கெட்டிப்படும், அப்புறம் சார்ஜர் எவ்வளவு முயன்றாலும் ஒரு பகுதி கரையாது. இதைத்தான் சல்ஃபேஷன் என்கிறார்கள். இன்னொரு சேதமும் உண்டு: சல்ஃபேட்டுக்குத் தகட்டில் இருந்த பழைய பொருளைவிட அதிக இடம் வேண்டும், அதனால் ஆழமாக இறங்கும் ஒவ்வொரு தடவையும் தகட்டுப் பூச்சு உப்பிச் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அடியில் சேரும். கார் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் தகடுகள் மெல்லியவை, நிறைய இருக்கும், ஒரு நொடிக்குப் பெரிய கரண்ட் கொடுக்கச் செய்தவை. அதைச் சில பத்துத் தடவை அடிவரை இறக்கினாலே கதை முடிந்துவிடும். டியூபுலர், டீப் சைக்கிள் என்று விற்பவை தடித்த தகடு, அவை தாங்கும்.

சரி, தாங்கும் வகையையே எடுத்துக்கொள்வோம். இப்போது வழக்கமாகக் காட்டும் வரைபடம் வரும்: பாதி மட்டும் இறக்கினால் இத்தனை சுற்று (ஒருமுறை இறங்கி ஏறுவது ஒரு சுற்று), 80 சதவீதம் இறக்கினால் அதில் பாதிக்குச் சற்று மேல். பார்த்ததும் பாதியில் நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஏ.எச்., அதாவது ஆம்பியர் அவர், பேட்டரி, பாதி ஆழத்தில் 1,000 சுற்று வருகிறது என்று வைத்துக்கொண்டால் அது ஆயுள் முழுவதும் தரும் மொத்தம் 50,000 ஏ.எச். அதே பேட்டரி 80 சதவீத ஆழத்தில் 600 சுற்று வந்தால் 48,000. அடிவரை இறக்கி 450 வந்தால் 45,000. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் பேட்டரியின் தகவல் தாளில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இப்படித்தான் வரும். சுற்றுகள் இரட்டிப்பாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் எடுப்பது பாதிதானே. மொத்த வேலையில் வித்தியாசம் பத்து சதவீதம் சுற்றி நிற்கும், அதற்காக இரண்டு மடங்கு பெரிய பேட்டரி வாங்கச் சொல்கிறது அந்த 50 விதி.

அப்படியானால் 50 வெறும் மூடநம்பிக்கையா? இல்லை, அதற்கு வேறொரு நல்ல காரணம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. லெட் ஆசிட் முதல் 80 சதவீதத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும், கடைசி 20-ஐ வாங்க மணிக்கணக்கில் இழுக்கும், அந்த நேரத்தில் கரண்டைக் கூட்டினாலும் வாங்காது, வாயுதான் கிளம்பும். சோலாரில் ஓடும் ஒரு பேட்டரியை இரவில் 20 வரை இறக்கிவிட்டால் மறுநாள் மாலைக்குள் முழுதாக நிரம்பாமலேயே மறுபடி இறங்கத் தொடங்கும், மேகமூட்டமான ஒரு வாரம் போனால் அது ஒருநாள்கூட நிரம்பியிருக்காது. அந்த நிரம்பாத பகுதியில்தான் சல்ஃபேட் கெட்டிப்படுகிறது. பாதியில் நிறுத்தினால் மறுநாள் நிரம்பிவிடும். ஆக, 50 என்ற எண்ணின் பயன் கீழே இல்லை, அது மறுநாள் உச்சியைத் தொட வைப்பதில் இருக்கிறது.

இதிலிருந்து தேர்வு எளிதாகிறது. கரண்ட் எப்போதாவது போகும், போனால் சில மணி நேரத்தில் வந்துவிடும், வந்ததும் சார்ஜர் முழு வேகத்தில் ஏற்றும் என்றால் 80 சதவீத ஆழம் வரை, அதாவது 20 மிச்சமிருக்கும்வரை, இறக்கத் தயங்க வேண்டாம். வருடத்துக்குச் சில தடவை மட்டுமே இறங்கும் பேட்டரி சுற்று எண்ணிக்கையால் சாவதில்லை, வயதாகி, தகட்டின் உள்சட்டம் அரித்துத்தான் போகும். அதைப் பாதியில் நிறுத்திக் காப்பாற்றுவதாக நினைத்து இருட்டில் உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. தினமும் இறங்கி ஏறுகிறது, ஏற்றுவது வெயிலை நம்பி என்றால் 50. வெயிலும் போதாத இடம் என்றால் 50-கூட அதிகம், 30 சதவீத ஆழத்தோடு நிறுத்துங்கள், அல்லது வாரம் ஒருமுறையாவது வேறு மின்சாரத்தில் முழுக்க ஏற்றுங்கள். 20 சதவீத ஆழம் மட்டும் இறங்குமாறு மிகப் பெரிய பேட்டரி வாங்கிப் போடுவது எனக்கு வீண்செலவாகத்தான் படுகிறது, ஏனென்றால் அந்த ஆயிரக்கணக்கான சுற்றுகளை முடிக்கும் முன்பே அதற்கு வயதாகிவிடும். லெட் ஆசிட்டுக்குப் பத்து டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. பேட்டரியைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்துவது கீழ் எல்லையை 50-லிருந்து 60-ஆக்குவதைவிட அதிகம் தரும்.

வோல்டேஜ் பார்த்து அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓய்வில் சில மணி நேரம் இருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6, 12.7 காட்டினால் ஃபுல், 12.2 பக்கம் என்றால் ஏறக்குறைய பாதி, 11.8 என்றால் காலி. லோடு ஓடும்போது இந்தக் கணக்கு செல்லாது. 1897-இல் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் கவனித்துச் சொன்னது இதுதான்: வேகமாக இழுத்தால் லெட் ஆசிட் குறைவாகத் தரும். 100 ஏ.எச். என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் 5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது, ஒரே மணி நேரத்தில் எடுக்கப் பார்த்தால் அதைவிட நிறையக் குறையும். இதன் மறுபக்கம்தான் ஆபத்து. பெரிய லோடு 10.5 வோல்ட்டுக்கு இழுத்துவிட்டால் உள்ளே இன்னும் கணிசமாக மிச்சமிருக்கும், லோடை எடுத்ததும் வோல்டேஜ் ஏறிவிடும். ஒரு சின்ன விளக்கு இரண்டு மூன்று நாள் மெதுவாக உறிஞ்சி அதே 10.5-க்குக் கொண்டுவந்தால் உண்மையிலேயே துடைத்து எடுத்துவிட்டது என்று பொருள். சின்ன லோடுக்கு கட்-ஆஃப், அதாவது லோடைத் துண்டிக்கும் வோல்டேஜ், மேலே இருக்க வேண்டும், 11.5 அல்லது 11.8 என்று வையுங்கள். இன்வெர்ட்டரைப் போட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: எதுவுமே ஓடாவிட்டாலும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

போன், லேப்டாப், கார்: கீழே பார்க்காதீர்கள், மேலே பாருங்கள்

லித்தியத்தில் நிலைமை தலைகீழ். கோபால்ட், நிக்கல் கலந்த வகைகள் அதிக வோல்டேஜில் இருக்கும்போது உள்ளிருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் மெதுவாகச் சிதைகிறது, கிராஃபைட்டால் ஆன எதிர்முனைமேல் இருக்கும் மெல்லிய படலம் தடிக்கிறது, அந்தப் படலத்தில் லித்தியம் சிக்கிச் சிக்கித் திரும்பி வராமல் போகிறது. நீங்கள் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் இது நடக்கும். சூடு சேர்ந்தால் வேகமெடுக்கும். பரவலாகப் புழங்கும் ஓர் அட்டவணையின்படி 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு ஒரு வருடம் வைத்த செல்லில் மிச்சமிருப்பது சுமார் 96 சதவீதக் கொள்ளளவு. அதையே 100 சதவீத சார்ஜில் வைத்தால் 80. சூடு 40 டிகிரி என்றால் முறையே 85, 65. செல்லுக்குச் செல் இந்த எண்கள் மாறும், புதியவை கொஞ்சம் மேல், ஆனால் திசை மாறாது.

இதைப் பார்த்தால் யார் பேட்டரியைக் கெடுக்கிறார்கள் என்பது தெரியும். லேப்டாப்பை 5 சதவீதம் வரை ஓட்டிவிட்டு உடனே செருகுபவர் கெடுப்பதைவிட, நாள் முழுக்க சார்ஜரில் 100-லேயே வைத்து, சூடான மடியில் ஓட்டுபவர் அதிகம் கெடுக்கிறார். அவர்தான் தன் பேட்டரியை ஒருமுறைகூட இறக்கியதில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

இப்போது நான்கு வழிகளை வைத்து ஒப்பிடலாம். எப்போதும் 100-இல் வைப்பது, 100-லிருந்து 20 வரை, 80-லிருந்து 20 வரை, 80-லிருந்து 5 அல்லது 10 வரை. முதலாவது மோசம். இரண்டாவதுதான் பலரும் பின்பற்றுவது, 20-ஐப் பார்த்ததும் சார்ஜரைத் தேடி ஓடுவார்கள், 100 ஆகும்வரை கழற்ற மாட்டார்கள். மூன்றாவது புத்தகத்தில் நல்லது, கையில் இருப்பது 60 சதவீதப் பேட்டரி. நான்காவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். இரண்டாவதில் கிடைப்பதும் இதில் கிடைப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு, ஆனால் இதில் பேட்டரி உச்சி வோல்டேஜ் பக்கமே போவதில்லை. முழு சார்ஜ் வோல்டேஜை 4.2-லிருந்து 4.1-ஆகக் குறைத்தால் சுற்றுகள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், கொள்ளளவில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் இழப்பு என்ற கைக்கணக்கும் இதையேதான் சொல்கிறது. ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும்: சில புதிய செல்களில் கிராஃபைட்டோடு சிலிக்கானும் கலக்கிறார்கள், சிலிக்கான் பெரிதாக உப்பிச் சுருங்குவது அடிப்பக்கத்தில்தான், அவற்றுக்கு 15, 20-க்கு மேலேயே நிறுத்துவது நல்லது.

ஆனால் இதையெல்லாம் செய்ய வேண்டுமா என்பது தனிக் கேள்வி. பேட்டரி தேய்ந்து 80 சதவீதமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு வைப்பது வழக்கம். அந்த 80 வந்துவிடுமோ என்ற பயத்தில் வாங்கிய முதல் நாளிலிருந்தே 80-இல் வாழ்வது கொஞ்சம் வேடிக்கைதான். போன் தயாரிப்பாளர்களும் சும்மா இல்லை. ஆப்பிள் தன் ஐபோன் 14 வரையிலான போன்களுக்கு 500 முழுச் சுற்றுக்குப் பின் 80 சதவீதம் என்றது, 15 வரிசைக்கு 1,000 என்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து விற்கும் ஸ்மார்ட்போன்களுக்கு 800 சுற்றுக்குப் பின் குறைந்தது 80 இருக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டது. முழுச் சுற்று என்றால் ஒவ்வொரு தடவை செருகுவதும் இல்லை, 50 சதவீதம் இரண்டு நாள் ஏற்றினால் ஒரு சுற்று. ஆகவே இரண்டு மூன்று வருடத்தில் போனை மாற்றுபவர் எதைப் பற்றியும் யோசிக்காமல் ஓட்டலாம், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றாமல் இருந்தால் போதும். ஐந்து வருடம் வைத்திருக்க நினைப்பவர், பகல் முழுக்கத் தாங்குகிறது என்றால், 80-இல் சார்ஜை நிறுத்தும் வரம்பை ஆன் செய்துவிடலாம். மேஜையிலேயே செருகிக் கிடக்கும் லேப்டாப்புக்கு இதில் இழப்பே இல்லை, கட்டாயம் போடுங்கள், 60 என்ற வரம்பு இருந்தால் அதையும் போடலாம். மின்சாரக் காரில் தினசரி ஓட்டத்துக்கு 70, 80 என்று வைத்துக்கொண்டு, நெடும்பயணத்துக்கு முந்தைய இரவு 100 ஏற்றி, காலையில் நிரம்பி முடியும்படி நேரம் வைத்துக் கிளம்பலாம். 100-ஐத் தொடுவதால் கெடுவது கொஞ்சம்தான், 100-இல் வெயிலில் மூன்று நாள் நிற்பதுதான் பிரச்சினை.

அடிப்பக்கத்தில் ஒரே ஒரு நிஜமான பள்ளம் இருக்கிறது. செல் வோல்டேஜ் 2-க்கும் கீழே வெகுவாகப் போய்விட்டால் உள்ளே இருக்கும் செம்புத் தாள் கரையத் தொடங்கும், பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். பயன்படுத்தி யாரும் அங்கே போக முடியாது, பாதுகாப்புச் சர்க்யூட் அதற்கு முன்பே நிறுத்திவிடும். 0 காட்டி அணைந்த பொருளை அலமாரியில் ஆறு மாதம் மறந்துவிட்டால் போகலாம். தானாக வடிவதும் அந்தச் சர்க்யூட் எடுப்பதும் சேர்ந்து மிச்சத்தைக் காலி செய்துவிடும்.

எல்.எஃப்.பி.: இன்வெர்ட்டரில் லெட் ஆசிட்டை எடுத்துவிட்டு இதைப் போடலாமா

இப்போது பலர் எடுக்க நினைக்கும் முடிவு இதுதான், 50 விதி பெரிதும் அடிபடுவதும் இங்கேதான். எல்.எஃப்.பி.யை 80, 90 சதவீத ஆழம் வரை தினமும் இறக்கலாம், பாதி நிரம்பிக் கிடந்தாலும் அதற்குச் சல்ஃபேஷன் போன்ற வியாதி இல்லை. ஆகவே பாதியோடு நிறுத்த வேண்டிய 160 ஏ.எச். லெட் ஆசிட்டும் 80 வரை இறங்கும் 100 ஏ.எச். எல்.எஃப்.பி.யும் கையில் தருவது ஒன்றே. ஆயுள் கணக்கில் இடைவெளி இன்னும் பெரிது: 80 சதவீத ஆழத்தில் 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,40,000 ஏ.எச்., முன்பு பார்த்த 100 ஏ.எச். லெட் ஆசிட் தந்தது 50,000. வாங்கும் விலையை இந்த மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள், பேட்டரிகளை ஒப்பிட எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் அதுதான். ஏற்றிய மின்சாரத்தில் திரும்பக் கிடைப்பதும் இதில் கூடுதல், லெட் ஆசிட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை வழியிலேயே போய்விடும்.

ஆனால் அந்த 3,000 சுற்று தினமும் ஓட்டினால் எட்டு வருடம். மாதம் இரண்டு தடவை மட்டும் கரண்ட் போகும் வீட்டில் அதை முடிக்க நூற்றாண்டு தாண்டும், பேட்டரி அதற்கு முன்பே வயதாகிவிடும். ஆகவே தினமும் இறங்கி ஏறும் என்றால் எல்.எஃப்.பி., எப்போதாவது என்றால் லெட் ஆசிட்டே போதும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றச் சோம்பல் இல்லாதவரை.

மாற்றுபவர்கள் பழைய செட்டிங்கை அப்படியே விட்டுவிடுவதுதான் தொல்லை. நான்கு செல் கோத்த 12.8 வோல்ட் எல்.எஃப்.பி.யில் பேட்டரிக்குள் இருந்து செல்களைக் கண்காணிக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டான பி.எம்.எஸ். சுமார் 10 வோல்ட்டில் எல்லாவற்றையும் துண்டிக்கும். இன்வெர்ட்டரின் பழைய கட்-ஆஃப் 10.5. இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை, ஏனென்றால் எல்.எஃப்.பி. கடைசிவரை வோல்டேஜைத் தட்டையாகப் பிடித்திருந்துவிட்டு முடிவில் செங்குத்தாக விழும். பி.எம்.எஸ். துண்டித்துவிட்டால் வெளியே பூஜ்ய வோல்ட் தெரியும், சில சார்ஜர்கள் பேட்டரியே இல்லை என்று நினைத்து ஏற்ற மறுக்கும். இன்வெர்ட்டர் கட்-ஆஃபை 12 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தால் இழப்பது மிகக் கொஞ்சம். பி.எம்.எஸ். கடைசிக் காவலாக இருக்கட்டும், தினசரி சுவிட்சாக ஆக்க வேண்டாம். ஈக்வலைஸ் என்று வேண்டுமென்றே அதிக வோல்டேஜில் ஏற்றும் லெட் ஆசிட் வசதியையும் அணைத்துவிடுங்கள், அந்த அதிக வோல்டேஜ் இதற்கு ஆகாது. உறைநிலைக்குக் கீழே இதை மட்டுமல்ல, எந்த லித்தியம் அயன் பேட்டரியையும் சார்ஜ் செய்யக் கூடாது. லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். இறக்கலாம், ஏற்றத்தான் கூடாது.

மேல் எல்லையிலும் இது தன் உறவினர்கள் மாதிரி இல்லை. வோல்டேஜ் தட்டையாக இருப்பதால் எத்தனை சதவீதம் மிச்சம் என்று கண்டுபிடிப்பது பி.எம்.எஸ்.ஸுக்கே சிரமம், அது ஓடிய கரண்டை எண்ணிக்கொண்டே போகும், தவறு சேர்ந்துகொண்டே வரும். அதனால்தான் டெஸ்லா தன் எல்.எஃப்.பி. கார்களை வாரம் ஒருமுறையாவது 100 ஏற்றச் சொல்கிறது. 80-இல் நிறுத்துவதே நல்ல பழக்கம் என்று எல்.எஃப்.பி. காரிலும் மாதக்கணக்கில் கடைப்பிடித்தால், 15 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று நிற்கும் வாய்ப்பு உண்டு.

ரிமோட், டார்ச்சில் போடும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தனி ஒன்றை 1 வோல்ட் வரை இறக்கினால் கெடுதல் இல்லை. நான்கைந்தை வரிசையாகப் போட்ட டார்ச்சை எரியவிட்டு மறந்தால்தான் வம்பு, பலவீனமான ஒரு செல் முதலில் காலியாகி, மற்றவை அதன் வழியாகத் தள்ளும் கரண்டில் அதன் துருவமே மாறிவிடும். வெளிச்சம் மங்கியதும் அணையுங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

பயன்படுத்தாமல் எடுத்து வைப்பதில் ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. லெட் ஆசிட்டை முழுக்க ஏற்றி வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஏற்றுங்கள். எல்.எஃப்.பி. உட்பட எல்லா லித்தியத்தையும் பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில், சாதனத்திலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றி வைத்துவிட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது ஒரு செல் 2 வோல்ட்டுக்கும் கீழே வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது என்று தெரிந்தால், அல்லது உப்பியிருந்தால், மெதுவாகச் சார்ஜ் கொடுத்து உயிர்ப்பிக்கும் வீடியோக்களைத் தேடாதீர்கள். ஏறினாலும் அதை நம்ப முடியாது. முனைகளில் டேப் ஒட்டி மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்குங்கள்.